மடைப்பள்ளியில் இருந்த பீமன்: தொலைந்துபோன ‘கீசக வதம்’

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தைப் பார்த்த ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. நாம்தான் நூறு வருஷமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். படத்தின் பெயர் ‘கீசக வதம்’. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். 1917இல் படம்பிடித்தார், மவுண்ட் ரோடு எல்பின்ஸ்டன் தியேட்டரில் திரையிட்டார். வெளியான வருஷத்தை 1916 என்பார்கள், 1917 என்பார்கள், 1918 என்பார்கள், புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். படத்தின் இந்தி எழுத்து அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்கிறார்கள். அவர் இந்தி பிரசாரத்துக்காகச் சென்னை வந்தது 1918இல். ஆகவே நான் 1918 பக்கம் சாய்கிறேன்.

படத்தின் நீளம் ஏறத்தாழ 6,000 அடி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 சட்டகம். கையால் சுற்றும் கேமராவில் அன்றைக்கு விநாடிக்குச் சுமார் 16 சட்டகம் ஓடும். அதாவது ஒரு அடிக்கு ஒரு விநாடி. 6,000 விநாடி, 100 நிமிஷம், 96,000 சட்டகங்கள். இன்று நம் கையில் இருப்பது பூஜ்யம்.

தொலைந்துபோன படத்துக்காக ஒப்பாரி வைப்பது சுலபம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முதலியார் முதல் படத்துக்கு எடுத்துக்கொண்ட கதை. ஆபத்தில் சிக்கிய ஒரு பெண், அவளைக் காப்பாற்ற வரவேண்டிய ஆள். உலகம் முழுக்க சினிமா நடை பழகியதே இந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டுதான்.

எரியும் வீட்டில் இரண்டு தடவை

1903இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் ‘ஒரு அமெரிக்கத் தீயணைப்பு வீரனின் வாழ்க்கை’ என்று ஆறு நிமிஷச் சொச்சத்தில் ஒரு படம் எடுத்தார். வீடு எரிகிறது. மாடியறையில் ஒரு பெண்ணும் குழந்தையும். தீயணைப்பு வீரர் வருகிறார், காப்பாற்றுகிறார். அவ்வளவுதான் கதை.

இந்தப் படத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றில் அறைக்குள் ஒரு காட்சி, தெருவில் ஒரு காட்சி, மறுபடி அறைக்குள், மறுபடி தெருவில் என்று வெட்டி வெட்டிக் காட்டப்படுகிறது. பல வருஷம் சினிமா வரலாற்றாசிரியர்கள் இதைப் பார்த்து, ‘மாற்றி மாற்றி வெட்டும் உத்தியை 1903லேயே போர்ட்டர் கண்டுபிடித்துவிட்டார்’ என்று எழுதினார்கள். பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், காப்புரிமைக்காகக் காகிதச் சுருளில் அச்சிட்டுக் கொடுத்த பிரதியை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. அதில் மொத்த மீட்பும் முதலில் அறைக்குள்ளிருந்து முழுசாக வருகிறது. அந்தப் பெண் கீழே போய்ச் சேர்ந்தபின், அதே மீட்பு தெருவிலிருந்து மறுபடி முதலிலிருந்து முழுசாக வருகிறது. ஒரே பெண்ணை இரண்டு தடவை காப்பாற்றுகிறார்கள்! மாற்றி மாற்றி வெட்டியது பின்னாளில் வேறு யாரோ செய்த வேலை.

மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பழைய கோடை யாரோ நடுவில் திருத்தியிருப்பார்கள், பெயர் மட்டும் முதலில் எழுதியவருடையதாக இருக்கும். மூலப் பிரதி கிடைத்தால்தான் உண்மை வெளியே வரும்.

அன்றைய பார்வையாளருக்கு அந்த இரட்டை மீட்பு குழப்பமாக இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே என்ன நடந்தது, வெளியே என்ன நடந்தது, இரண்டையும் பார்த்தாச்சு. ‘ஒரே நேரத்தில்’ என்பதை எப்படிக் காட்டுவது என்றுதான் சினிமாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. 1911இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி லோன்டேல் ஆபரேட்டர்’ வரும்போது பிடிபட்டுவிட்டது. ரயில் நிலையத்தில் தனியாக இருக்கும் தந்தி ஆபரேட்டர் பெண், சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்க வரும் இரண்டு பேர், அவள் அடிக்கும் தந்தி, தூரத்திலிருந்து இன்ஜினை விரட்டிக்கொண்டு வரும் காதலன். கதவு, இன்ஜின், கதவு, இன்ஜின். இருட்டில் ஒரு திருகு ஸ்பேனரைத் துப்பாக்கி மாதிரி நீட்டி அவர்களை அவள் நிறுத்தி வைத்திருக்கிறாள். காப்பாற்ற ஆள் வருவதற்குள் பாதி வேலையை அவளே முடித்துவிடுகிறாள்.

கிரிஃபித்தின் கதையில் பிரச்சினை தூரம். காப்பாற்றுகிறவன் எட்டத்தில் இருக்கிறான், வந்து சேர்வானா? ரயிலும் தந்தியும் இருக்கிற உலகத்தில் தூரம்தான் வில்லன்.

‘கீசக வத’த்தின் பிரச்சினையோ நேர் எதிர்.

காப்பாற்றுகிறவன் பக்கத்து அறையில்

கதை தெரிந்ததுதான். பன்னிரண்டு வருஷ வனவாசம் முடிந்து, பதின்மூன்றாவது வருஷம் பாண்டவர்கள் அடையாளம் தெரியாமல் ஒளிந்து வாழவேண்டும். கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடி பன்னிரண்டு வருஷம் காடு. விராட மன்னன் அரண்மனையில் தர்மன் சூதாட்டத் தோழன், பீமன் மடைப்பள்ளிச் சமையல்காரன், அர்ஜுனன் நாட்டியம் சொல்லித்தரும் பேடி. திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் ராணி சுதேஷ்ணையின் பணிப்பெண். ராணியின் தம்பி கீசகன் படைத்தலைவன், அரசனே அவனுக்குப் பயப்படுவான். அவன் கண் சைரந்திரி மேல் விழுகிறது. துரத்துகிறான். அவள் சபைக்கு ஓடிவந்து நியாயம் கேட்கிறாள். அந்தச் சபையிலேயே, அரசன் முன்னால், கணவன் தர்மன் முன்னால் அவளை எட்டி உதைக்கிறான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. காப்பாற்ற வேண்டியவன் நூறு மைல் தள்ளி இல்லை, பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் அடையாளம் போய்விடும். அன்று இரவு அவள் மடைப்பள்ளிக்குப் போய்ப் பீமனை எழுப்புகிறாள். கீசகனை நடனசாலைக்கு வரச்சொல்லி, இருட்டில் அவளுக்குப் பதில் பீமன் படுத்திருந்து அவனைக் கொல்கிறான். மகாபாரதம் அதோடு விடுவதில்லை. கீசகனின் தம்பிமார் அவளைப் பிணத்தோடு கட்டி எரிக்கத் தூக்கிப்போகிறார்கள். பீமன் இரண்டாம் தடவையும் வரவேண்டியிருக்கிறது. போர்ட்டர் படம் மாதிரியே இங்கும் இரண்டு மீட்பு. ஆனால் இங்கே இரண்டு தடவையும் ஆபத்து உண்மை.

முதலியாரின் உறவினர்களுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. முதல் முயற்சிக்கு இப்படியொரு கதையா, மங்களகரமாக ஏதாவது எடுக்கக்கூடாதா என்று ஆட்சேபித்தார்கள். முதலியார் மாற்றிக்கொள்ளவில்லை. நாடக உலகில் அவருக்கு ஊக்கம் கொடுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார்.

இந்தக் கதைக்கு அன்றைக்கு இன்னொரு நிழலும் இருந்தது. 1907இல் மராத்தியில் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் ‘கீசக வத’ என்ற நாடகத்தை மேடையேற்றினார். பார்க்கிறவர்களுக்குக் கீசகன் யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை: வங்காளத்தைப் பிரித்த வைஸ்ராய் கர்சன் பிரபு. திரௌபதி இந்தியா. பொறுத்துப்போகச் சொல்லும் தர்மன் மிதவாதி, கை துறுதுறுக்கும் பீமன் தீவிரவாதி. 1910இல் அரசாங்கம் நாடகத்தைத் தடை செய்தது. இப்போது இதைக் கேளுங்கள். நடராஜ முதலியார் கேமரா கற்றுக்கொண்டது புனாவில், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஒளிப்பதிவாளரிடம். அந்த ஸ்மித் கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப்படத்தில் வேலை பார்த்தவர். கர்சனைப் படம்பிடித்த கை சொல்லிக்கொடுத்த வித்தையில், கர்சனுக்கு உருவகமாகிப்போன கீசகன் சென்னையில் செத்தான். முதலியார் அரசியல் படம் எடுத்தார் என்று இதைக் காட்டி நான் வாதாட மாட்டேன். ஆனால் காவல்காரனும் நீதிபதியும் ஒரே கட்சியாக இருக்கும் சபையில் நியாயம் கேட்டு உதைபடும் ஒரு பெண்ணை 1918இல் திரையில் பார்த்த ஒரு சென்னைவாசிக்கு, அது வெறும் புராணமாக மட்டும் பட்டிருக்குமா?

வாரக் கடைசியில் பெங்களூரு

முதலியார் வேலூரில் 1885இல் பிறந்தவர். சைக்கிள் வியாபாரத்தில் ஆரம்பித்து, பிறகு அமெரிக்கக் கார்களும் உதிரி பாகங்களும் விற்றவர். பால்கே படங்களைப் பார்த்து ஆசை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக்கிழார் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ‘டவர் ஹவுஸ்’ என்ற பங்களாவில் இந்தியா ஃபிலிம் கம்பெனி. கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத்துணி, அதில் வடிகட்டி வரும் வெயில்தான் விளக்கு. ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. 35 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு 35,000 ரூபாய்.

கழுவும் ஆய்வுக்கூடம் மட்டும் சென்னையில் இல்லை. இந்த வெக்கையில் ரசாயனக் கலவை சொன்னபடி கேட்காது. அதனால் பெங்களூரில் ஆய்வுக்கூடம் வைத்து, ஒவ்வொரு வாரக் கடைசியிலும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் வழியாகச் சென்னைக்கு பஸ் பிடிக்கும் நம்மாட்கள் இந்த முன்னோடியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: அவருக்குத் தான் எடுத்தது விழுந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் கழித்து ‘பில்ட் ஃபெயில்’ என்று வந்தால், வேஷத்தைக் கட்டி, வெயிலைப் பிடித்து, முதலிலிருந்து.

படம் ஓடியது. பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் வரை போனது. 50,000 ரூபாய் வசூல், 15,000 லாபம். தைரியம் வந்து அடுத்தடுத்து எடுத்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘மார்க்கண்டேயா’, ‘மயில் ராவணன்’. பட்டியலைப் பாருங்கள். துகில் உரியப்படும் பெண், எமன் கயிறு விழுந்த பையன், பாதாளத்துக்குத் தூக்கிப்போகப்பட்ட ராம லட்சுமணர். எல்லாமே ஆபத்து, எல்லாமே மீட்பு.

துறைமுகத்துப் பார்வையாளர்கள்

மவுண்ட் ரோட்டு எல்பின்ஸ்டன் துரைமார்களும் வக்கீல்களும் போகும் இடம். சென்னையில் சினிமா பழக்கமாக வேர்விட்டதில் பெரும்பங்கு அதற்கு வடக்கே இருக்கிறது. திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி, கூடாரம் போட்டுப் படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சென்னையில் அவர் கூடாரம் அடித்தது பாரிமுனையை ஒட்டிய எஸ்பிளனேடில். ரகுபதி வெங்கையா 1914இல் மவுண்ட் ரோடுப் பக்கம் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார், அதற்கடுத்து மின்ட் தெருவில் கிரவுன். பிராட்வேயில் நேஷனல் தியேட்டராகத் தொடங்கியதுதான் பிறகு மினர்வா.

இந்தக் கொட்டகைகளின் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அச்சகக்காரர்கள், மில் தொழிலாளிகள், கடைப்பையன்கள், ராயபுரத்து மீன்பிடிக்காரர்கள். அவர்களுக்குப் பிடித்தவர் எடி போலோ. யுனிவர்சல் கம்பெனி 1915இல் எடுத்த ‘தி புரோக்கன் காயின்’ 22 அத்தியாயத் தொடர்படம். ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மிச்சம் அடுத்த தடவை என்று சொல்லிவிடும். எடி போலோ சர்க்கஸிலிருந்து வந்தவர். எங்கிருந்தும் குதிப்பார். இங்கிலீஷ் எழுத்து அட்டை படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு, திரை ஓரத்தில் நின்று ஒருவர் தமிழில் சத்தமாகக் கதை சொல்வார். முதல் உலகப்போரில் ஐரோப்பியப் படங்களின் வரத்து குறைந்ததும், அந்த இடத்தை அமெரிக்கத் தொடர்படங்கள் பிடித்துக்கொண்டன. 1916லேயே யுனிவர்சல் இந்தியாவில் முகவாண்மை திறந்துவிட்டது.

படித்தவர்கள் இதை மட்டமான ரசனை என்றார்கள். சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் சினிமா விசாரணைக் குழு நாடு முழுக்கச் சாட்சியம் கேட்டபோதும், தொடர்படங்கள் ‘கீழ்த்தட்டு’ ஆட்களுக்கானவை என்ற குரல் வந்தது.

எனக்கு இது வேறுவிதமாகப் படுகிறது. ஆபத்தும் மீட்பும் அந்தக் கூட்டத்துக்குப் பொழுதுபோக்குச் சமாச்சாரமாக மட்டும் இருந்திருக்க முடியாது, அது அவர்கள் செய்துவந்த வேலை. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக்கு வரும் கப்பல் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் பயணிகளைக் கொண்டுவர வேண்டும். படகு கவிழ்ந்தால் தூக்குவதற்கென்றே கட்டுமரங்கள் கூடவே வரும். மூழ்கியவர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குக் கம்பெனி காலத்தில் பதக்கம் கொடுப்பார்கள். துரை பிழைத்தால் துரை பெயர் குறிப்பேட்டில் இருக்கும், தூக்கியவன் பெயர் இருக்காது.

அப்புறம் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊர் காலியானது. ‘எம்டன்’ என்ற சொல்லே பலே கில்லாடி என்ற அர்த்தத்தில் நம் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்தது. திரையில் வீடு எரிவதைப் பார்த்துக் கைதட்டிய கூட்டம், அதற்கு முன்பே வானம் எரிவதை நேரில் பார்த்திருந்தது.

இந்த ஊரில் மீட்பு பெரும்பாலும் பீமன் கதைதான், கிரிஃபித் கதை இல்லை. தூரத்திலிருந்து இன்ஜின் வராது. பக்கத்தில் இருக்கும் சமையல்காரன்தான், படகுக்காரன்தான் வருவான். வந்தவன் யார் என்று வெளியே தெரியாது.

தானே எரியும் பொருள்

அன்றைய ஃபிலிம் செல்லுலாய்டு நைட்ரேட்டில் ஆனது. பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரியாவிட்டாலும் நம் ஈரக்காற்றில் மெல்ல மெல்லப் பிசுபிசுத்து, பொடியாகிப் போகும். ஓடி முடிந்த பிரதிகளை அதிலிருக்கும் கொஞ்சம் வெள்ளிக்காகக் கழுவி விற்றார்கள். இங்கே மட்டுமில்லை, உலகம் முழுக்கத்தான். பேசும்படம் வந்தபின் ஊமைப்படம் யாருக்கு வேண்டும்? இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்து முந்நூறு போல ஊமைப்படங்களில் இன்று மிஞ்சியிருப்பது சில பத்து. அதிலும் பல துண்டு துண்டாக.

1923இல் முதலியாரின் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. அதையொட்டி மகனையும் பறிகொடுத்தார். அதோடு சினிமாவை விட்டுவிட்டார். 1971 வரை இருந்தார். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார், தன் படத்தின் ஒரு சுருள்கூடப் பத்திரமாக இல்லாமல். ஆபத்தும் மீட்புமாகவே படம் எடுத்த மனிதருக்கு நேர்ந்தது இது. மேலே எழுத எனக்கு வரவில்லை.

தென்னிந்தியாவில் ஏறக்குறைய முழுதாகப் பிழைத்த ஊமைப்படம் ஒன்று உண்டு. 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து, நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கியது. பட்டத்து இளவரசனை எதிரிகள் கொல்லத் துரத்துகிறார்கள், அவன் தப்பித்துக்கொண்டே இருக்கிறான். இதுவும் மீட்புக் கதை! நாவலைப் பதிப்பித்த கமலாலயா புத்தக நிலையம் காப்புரிமை வழக்குப் போட்டது. திருவனந்தபுரத்தில் படம் நின்றது, பிரதி பறிமுதலாகிப் பதிப்பாளரிடம் போய்ச்சேர்ந்தது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் ஊர் ஊராக ஓடித் தேயாமல், வெள்ளிக்காகக் கழுவப்படாமல் அந்தப் பிரதி ஒரு மூலையில் கிடந்தது. 1974இல் புனா திரைப்பட ஆவணக்காப்பகம் அதை மீட்டெடுத்தது. ஓடிய படம் அழிந்தது, ஓடாத படம் பிழைத்தது.

இதிலிருந்து ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிறது. நல்ல படம் என்பதாலோ முதல் படம் என்பதாலோ எதுவும் தப்பிப்பதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்ததால்தான் தப்பிக்கிறது. போர்ட்டரின் படத்தைக் காப்பாற்றியது காப்புரிமை விண்ணப்பம். ‘மார்த்தாண்ட வர்மா’வைக் காப்பாற்றியது வழக்கு. இரண்டிலும் கலைக்கு வேலையே இல்லை, ஒரு குமாஸ்தா போதும். ‘கீசக வத’த்துக்கு அந்தக் குமாஸ்தா கிடைக்கவில்லை.

இன்னொரு பிரதி

2015 டிசம்பர் வெள்ளத்தில் வடசென்னை மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுபக்கம் போய்ச் சனங்களைத் தூக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியபோது, அதே சனங்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். இரண்டையும் யாரோ செல்போனில் எடுத்தார்கள். இரண்டும் அன்றைக்கு எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வந்தன. இப்போது தேடிப் பாருங்கள். போன் மாறியிருக்கும், ‘மெமரி ஃபுல்’ என்று அழித்திருப்பார்கள், பகிர்ந்தவர் கணக்கே இருக்காது. நைட்ரேட் அளவுக்குக்கூட ஆயுள் இல்லாத பொருளில்தான் நாம் நம்முடைய மீட்புக் கதைகளைப் பதிந்துவைத்திருக்கிறோம்.

கணினித் துறையில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தரும் பாடம்: ஒரே ஒரு பிரதி இருந்தால், பிரதியே இல்லை என்று வைத்துக்கொள். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு ஆட்களிடம், இரண்டு மூன்று இருக்கவேண்டும். எடுத்த தேதியும், எந்த இடம் என்பதும், படகில் இருந்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரும் சேர்த்து. இதற்கு ஆவணக்காப்பகம் வேண்டாம், பெரிய பணம் வேண்டாம். திருவொற்றியூரில் ஒரு நூலகத்து ஹார்ட் டிஸ்க், காசிமேட்டில் ஒரு சங்க அலுவலகத்துக் கணினி, நம் வீட்டில் ஒன்று. நூறு வருஷம் கழித்து ஒருத்தி வந்து, அந்தப் படகில் நின்றது யார் என்று கேட்டால், குறிப்பேட்டில் பீமனின் பெயரும் இருக்கவேண்டும்.